படிச்சது நிக்கணும், படிக்க உக்காரவும் தோணணும்: என்ன பண்ணலாம்?

படிச்சா மண்டையில நிக்க மாட்டேங்குது, உக்காந்தா மூடே வர மாட்டேங்குது. இந்த ரெண்டு புலம்பலும் தனித்தனி மாதிரி தெரியும், எனக்கு என்னமோ ரெண்டும் ஒண்ணுதான்னு படுது. படிக்கிற முறை சரியில்ல, அதனால ஒண்ணும் நிக்கல, ஒண்ணும் நிக்காததால நமக்கு இதெல்லாம் வராதுன்னு மனசு விட்டுப்போகுது, மனசு விட்டப்புறம் புக்க தொடவே புடிக்காது. அதனால மூட் வரட்டும்னு காத்திருக்காதீங்க, மொதல்ல முறையில கை வைங்க.

நான் ஸ்கூல் படிக்கிறப்ப நாலு கலர் ஹைலைட்டர் வச்சிருந்தேன். டெஃபனிஷனுக்கு மஞ்ச, வருஷத்துக்கு பச்சைன்னு பக்கம் பூரா கோடு போட்டு, அத அஞ்சு தடவ வாசிச்சுட்டு பரீட்சைக்குப் போனா, அந்த வரி இடது பக்கம் கீழ மஞ்ச கலர்ல இருந்துச்சு வரைக்கும் நல்லா ஞாபகம் வருது, வரியில என்ன இருந்துச்சுங்கறது மட்டும் வரவே இல்ல. திரும்பத் திரும்ப வாசிக்கிறதோட சிக்கலே இதுதான். கண்ணுக்குப் பழகிடும், பழகுனத தெரிஞ்சதுன்னு நாம நெனச்சுக்குவோம்.

இத ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 2006ல அழகா சோதிச்சுப் பார்த்தாங்க. காலேஜ் பசங்ககிட்ட ஒரு பாடத்தக் குடுத்து, ஒரு செட்ட மறுபடி வாசிக்கச் சொன்னாங்க, இன்னொரு செட்ட பேப்பர மூடிட்டு ஞாபகம் இருக்கறத எழுதச் சொன்னாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சா மறுபடி வாசிச்சவங்கதான் முன்னாடி, 81 சதவீதம், மூடிட்டு எழுதுனவங்க 75. ஆனா ஒரு வாரம் கழிச்சு அப்படியே தலைகீழ், வாசிச்சவங்க 42, எழுதுனவங்க 56. இன்னொரு ரவுண்ட்ல நாலு தடவ வாசிச்சவங்களும், ஒரே ஒரு தடவ வாசிச்சுட்டு மூணு தடவ எழுதிப் பார்த்தவங்களும் மோதுனாங்க, ஒரு வாரம் கழிச்சு வாசிச்சவங்க 40, எழுதிப் பார்த்தவங்க 61. இதுல வேடிக்கை என்னன்னா நல்லா ஞாபகம் இருக்கும்னு ரொம்ப நம்பிக்கையா சொன்னது அந்த நாலு தடவ வாசிச்ச கோஷ்டிதான்!

சரி, எப்படி செய்யறது. ஒளிச்சேர்க்கை பாடம்னு வச்சுக்கங்க. ஒரு தடவ புரிஞ்சு நிதானமா வாசிங்க, புக்க மூடி தள்ளி வைங்க, ஒரு வெத்துப் பேப்பர் எடுங்க. சூரிய ஒளி, பச்சையம், தண்ணி, கார்பன் டை ஆக்ஸைடு, குளுக்கோஸ், ஆக்சிஜன் எல்லாம் சரசரன்னு வரும். அப்புறம் ஒரு இடத்துல பேனா நிக்கும், அந்த ஆக்சிஜன் எதுல இருந்து வருது, தண்ணியில இருந்தா கார்பன் டை ஆக்ஸைடுல இருந்தா? உடனே புக்கத் தொறக்காதீங்க, ஒரு நிமிஷமாவது திணறுங்க, ஒரு பதில தைரியமா எழுதுங்க. அப்புறமா தொறந்து பாருங்க, தண்ணியில இருந்துன்னு இருக்கும். விட்டதையும் தப்பா எழுதுனதையும் வேற கலர் பேனால அதே பேப்பர்ல எழுதிடுங்க, அந்த வேற கலர்தான் நாளைக்கு நீங்க படிக்க வேண்டியது, மீதிய தொட வேணாம். சரி பார்க்கறத மட்டும் விட்றாதீங்க, இல்லேன்னா தப்பே மனப்பாடம் ஆயிடும். எழுத சோம்பலா இருந்தா வாய்விட்டு யாருக்காச்சும் சொல்லுங்க, கார்டுல ஒரு பக்கம் கேள்வி மறுபக்கம் பதில் எழுதி வைங்க, எதுவா இருந்தாலும் பார்க்காம வெளிய எடுக்கணும், அவ்ளோதான்.

அடுத்தது இடைவெளி. எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர், அர்த்தமே இல்லாத அசைகளா மனப்பாடம் பண்ணி எவ்ளோ நேரத்துல எவ்ளோ மறக்குதுன்னு தன் மேலேயே சோதனை பண்ணி 1885ல புக்கு போட்டார். மறதி மொத மணி நேரத்துலயும் மொத நாள்லயும்தான் மடமடன்னு நடக்கும், அப்புறம் மெதுவாயிடும்னு அவர் காட்டுனது இன்னிக்கும் நிக்குது. அதனால ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் ஒரே மூச்சா ஒரு பாடத்துல உக்கார்றத விட, அதே மூணு மணி நேரத்த மூணு நாளா பிரிச்சா அதிகமா நிக்கும். எவ்ளோ இடைவெளி விடணும்ங்கறது பரீட்சை எப்போங்கறத பொறுத்தது. செபெடாவும் அவர் கூட இருந்தவங்களும் 2008ல பார்த்த கணக்குப்படி, ஒரு வாரத்துல டெஸ்ட்னா ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு திருப்பிப் பார்க்கலாம், ஒரு வருஷம் ஞாபகம் இருக்கணும்னா மூணு நாலு வாரம் கூட விடலாம். திரும்ப வர்றப்ப பாதி மறந்திருக்கும், பயப்படாதீங்க. கொஞ்சம் மறந்தத கஷ்டப்பட்டு இழுத்து எடுக்கறப்பதான் அது கெட்டியாகுது.

கணக்குக்கு இன்னொண்ணு இருக்கு, இத யாரும் சொல்லித் தர்றதில்லங்கறது என் வருத்தம். தனிவட்டி எக்சர்சைஸ்ல உக்காந்தா 15 கணக்கும் தனிவட்டிதான், கேள்விய வாசிக்கக்கூட வேணாம், நம்பர பொறுக்கி ஃபார்முலாவுல போட்டா விடை வந்துடும். பரீட்சையில எது தனிவட்டி எது கூட்டு வட்டின்னு யாரும் தலைப்பு போட்டுத் தர மாட்டாங்க, அங்கதான் அடி வாங்குறோம். ரோரரும் டெய்லரும் 2007ல நாலு விதமான திட உருவங்களோட கன அளவு கண்டுபிடிக்கிற கணக்க வச்சு இத சோதிச்சாங்க. ஒவ்வொரு உருவமா முடிச்சவங்க பயிற்சியில 89 சதவீதம் சரியா போட்டாங்க, கலந்து போட்டவங்க 60தான். ஒரு வாரம் கழிச்சு டெஸ்ட்ல? மொத செட் 20, கலந்து போட்டவங்க 63. அதனால ஒரு முறை புரியற வரைக்கும் ரெண்டு மூணு கணக்கு வரிசையா போடுங்க, அப்புறம் போன வாரத்து பாடத்துல ரெண்டு, போன மாசத்துல ஒண்ணுன்னு கலந்துடுங்க. தப்பு நிறைய வரும், எரிச்சலா இருக்கும், பக்கத்துல இருக்கறவன் வேகமா முடிச்சுட்டுப் போவான், போகட்டும்.

நடுவுல ஒண்ணு. நான் பார்த்து கத்துக்கற ஆளு, அவன் கேட்டு கத்துக்கற ஆளுன்னு ஒரு கதை ரொம்ப நாளா சுத்துது. அவங்கவங்க ஸ்டைலுக்கு ஏத்த மாதிரி சொல்லிக்குடுத்தா நல்லா கத்துக்குவாங்கங்கறதுக்கு உருப்படியான ஆதாரம் இல்லன்னு 2008லயே ஆராய்ச்சியாளர்கள் அலசிச் சொல்லிட்டாங்க. அதுக்கு டைம் செலவு பண்ணாதீங்க.

இப்ப மூட் விஷயம். பந்துராவும் ஷங்க்கும் 1981ல கழித்தல் கணக்குல ரொம்ப பின்தங்கின, அதுல ஆர்வமே இல்லாத சின்னப் பசங்களுக்கு 42 பக்கம் கணக்கு குடுத்தாங்க. சிலர்கிட்ட ஏழு தடவையில மொத்தத்தையும் முடிச்சிருன்னாங்க, சிலர்கிட்ட ஒவ்வொரு தடவையும் 6 பக்கம் முடின்னாங்க. வேலை அதேதான். ஆனா 6 பக்கம்னு கேட்ட பசங்கதான் கணக்க நல்லா கத்துக்கிட்டாங்க, என்னால முடியும்ங்கற நம்பிக்கையும் அவங்களுக்குத்தான் வந்துச்சு, அத விட முக்கியம், யாரும் சொல்லாம தானா கணக்கு போட உக்காந்ததும் அவங்கதான். ஆர்வம் பின்னாடிதான் வந்துச்சு பாருங்க. அதனால இன்னிக்கு சயின்ஸ் முடிக்கணும்னு எழுதாதீங்க, இந்த ரெண்டு பக்கத்த பார்க்காம எழுதணும்னு எழுதுங்க, முடிச்சா தெரியற மாதிரி இருக்கணும். அந்த வேற கலர் பேனாவும் இங்க உதவும், திங்கக்கிழமை பேப்பர்ல 11 இடத்துல இருந்த கலர் வியாழக்கிழமை 4 ஆனா யாரும் தட்டிக்குடுக்க வேணாம், உங்களுக்கே தெரியும்.

அப்பா அம்மாவுக்கு ஒரு வார்த்த. மார்க் எடுத்தா போன் வாங்கித் தர்றேன்னு பேரம் பேசறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க. லெப்பரும் அவரோட ஆளுங்களும் 1973ல, ஏற்கனவே படம் வரைய ஆசைப்பட்ட சின்னக் குழந்தைங்கள எடுத்து, சிலர்கிட்ட மட்டும் வரைஞ்சா பரிசுன்னு முன்கூட்டியே சொல்லி வரைய வச்சாங்க. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு சும்மா விளையாட விட்டப்ப, பரிசு சொல்லி வரைஞ்ச குழந்தைங்க மத்தவங்கள விட பாதி நேரம்தான் வரைஞ்சாங்க. எதிர்பாராம பரிசு வாங்கின குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகல. பரிசே குடுக்காதீங்கன்னு நான் சொல்லல, தானா ஆசையா செய்யறதுக்கு விலை வைக்காதீங்க. அதே மாதிரி நீ புத்திசாலிடான்னு பாராட்டறதும் யோசிச்சு செய்ய வேண்டியது, 1998ல முல்லரும் டுவெக்கும் பார்த்ததுல அப்படி பாராட்டு வாங்கின பசங்க ஒரு கஷ்டமான செட்ல சறுக்குனதும் சீக்கிரம் சோர்ந்தாங்க, அடுத்த செட்டையும் சரியா பண்ணல. இந்தக் கணக்க தலைகீழா போட்டுப் பார்த்தியே, அந்த ஐடியா எப்படி வந்துச்சுன்னு கேளுங்க, அது பாராட்டும் ஆச்சு, அவன் யோசிச்சதும் வெளிய வரும். ஆனா முயற்சி பண்ணா புத்தி வளரும்னு பசங்களோட மனப்பான்மைய மாத்துனா மார்க் பிச்சுக்கிட்டு போகும்னு விக்கிறவங்கள நம்பாதீங்க, 2019ல சுமார் 12,000 பசங்கள வச்சு செஞ்ச பெரிய ஆய்வுல பின்தங்கின பசங்களுக்கு பலன் கிடைச்சது உண்மை, ஆனா சின்ன பலன்தான்.

கடைசியா, உக்கார்ற நேரம். நாளைல இருந்து ஒழுங்கா படிப்பேன்ங்கறது வேலைக்கு ஆகாது. இது நடந்தா இத செய்வேன்னு இடத்தையும் நேரத்தையும் கட்டிப் போட்டு முடிவு பண்றவங்க சொன்னத செய்யறது அதிகம்னு கோல்விட்சர்ங்கற உளவியல் ஆராய்ச்சியாளர் 1999லயே எழுதியிருக்கார். என்னோடது இது: சாப்பிட்டு தட்ட கழுவி வச்சதும் மேஜைக்குப் போய் நேத்து பாடத்த வெத்துப் பேப்பர்ல எழுதுவேன். போன் அடுத்த ரூம்ல இருக்கணும், மேஜை மேல கவுத்து வச்சா போதும்னு நானும் ஒரு மாசம் ஏமாந்திருக்கேன். பேப்பரும் பேனாவும் சாப்பிட உக்கார்றதுக்கு முன்னாடியே மேஜையில எடுத்து வச்சிருங்க, அப்புறம் பேனாவத் தேடி அடுத்த ரூமுக்குப் போனா திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும்.