நாற்காலி வாங்குவதை ஒத்திப்போடுங்கள்: மேசை வேலையால் வரும் முதுகுவலிக்குச் சில வழிகள்

நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்திருப்பவர்களுக்குக் கீழ்முதுகு பிடித்துக்கொண்டவுடன் முதலில் எழுவது விலை உயர்ந்த நாற்காலி ஒன்றை வாங்கிவிடலாம் என்ற எண்ணமே. அதைச் சில வாரங்கள் ஒத்திப்போடலாம். எவ்வளவு நேர்த்தியாக அமர்ந்தாலும் ஒரே நிலையில் மணிக்கணக்கில் நீடித்தால் முதுகுத் தசைகள் களைத்து இறுகிவிடும். எந்த நாற்காலியும் அந்த அசைவின்மையை ஈடுசெய்யாது.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை அவசியம். கால்களில் பலவீனம், பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலத்தைக் கட்டுப்படுத்த இயலாமை ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், விழுந்து அடிபட்டிருத்தல் ஆகியவற்றோடு வரும் வலியையும் வீட்டு முறைகளால் சமாளிக்க முயலக்கூடாது.

மற்றபடி, திடீரென்று வரும் சாதாரண முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் குறைந்துவிடும். அதற்காகப் படுத்தே கிடப்பது மீட்சியைத் தாமதப்படுத்தும். தாங்கக்கூடிய அளவில் நடமாடுவதே நல்லது. வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும். வலி மாத்திரையைப் பொறுத்தவரை, வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் விழுங்க வேண்டாம்.

இனி மேசையைப் பார்ப்போம். மடிக்கணினியின் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால், கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனிகிறது, கண்ணுக்கு வசதியாக வைத்தால் தோள் உயர்கிறது. ஆகவே தடித்த புத்தகங்களை அடுக்கி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திற்கு வருமாறு கணினியை உயர்த்தி, தனி விசைப்பலகையும் மவுஸும் இணைத்துக்கொள்ள வேண்டும். இந்தச் செலவை மட்டும் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். திரை ஒரு கை நீளத் தொலைவில், ஏறத்தாழ 50 முதல் 70 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடிந்திருக்க, பாதங்கள் தரையில் முழுமையாகப் படிய வேண்டும். எட்டாவிட்டால் ஒரு மணையைப் போட்டுக்கொள்ளலாம்.

இடுப்பின் உள்வளைவைத் தாங்க, கைத்தறித் துண்டு ஒன்றைச் சுருட்டி நாற்காலிக்கும் கீழ்முதுகுக்கும் இடையே வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி வியர்வையை உறிஞ்சுவதால் ரப்பர் திண்டைப்போல் புழுங்காது. சுருளின் பருமனையும் வேண்டியபடி கூட்டிக் குறைக்கலாம். அந்தத் துண்டை நெய்தவருக்கும் முதுகுவலி இருக்கக்கூடும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கால்களைக் குழிக்குள் விட்டு அமர்ந்து நெய்யும் குழித்தறியில் அமர்பவரின் கால் மிதியை மிதிக்கிறது, கை ஊடுநூலைக் கொண்டுசெல்லும் நாடாவை ஓட்டுகிறது. ஆயினும் உடல் துணியின் மேல் சாய்ந்தபடியே இருப்பதால் முதுகுக்கு ஓய்வில்லை. கையால் நெய்த துணியின் விலையைப் பேரம் பேசும்போது இது நினைவிலிருந்தால் நல்லது.

உடையும் கவனிக்கத்தக்கது. தொடையை இறுக்கும் கால்சட்டை, அமரும்போது இடுப்பைப் பின்னோக்கிச் சரித்து முதுகைக் கூன வைக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்குத் தளர்ந்த பருத்தி ஆடையே பொருத்தம். பின்பையில் பர்ஸ் வைத்து உட்காரும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது எழுந்திருப்பது. அரை மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடமாவது நிற்கவோ நடக்கவோ வேண்டும். அலைபேசியின் நினைவூட்டலைச் சில நாள்களில் அலட்சியம் செய்யத் தொடங்கிவிடுவோம் என்பதால், தண்ணீர்ச் செம்பை அடுத்த அறையில் வைப்பதும், தொலைபேசியில் நின்றபடியே பேசுவதும் நம்பகமான உத்திகள்.

மாலையில் அரை மணி நேர நடையோடு இரண்டு பயிற்சிகள் போதும். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்துப் பாதங்களை ஊன்றி, இடுப்பை மெல்ல உயர்த்தி ஐந்து விநாடி நிறுத்தி இறக்குவது ஒன்று. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, பூனை சோம்பல் முறிப்பதுபோல் முதுகை மேலும் கீழுமாக வளைப்பது மற்றொன்று. ஒவ்வொன்றையும் பத்து முறை செய்யலாம். வலி காலுக்குள் இறங்கினால் உடனே நிறுத்த வேண்டும். நீடித்த முதுகுவலி குறித்து உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பெல்ட்டைப் பரிந்துரைக்கவில்லை.

ஆறு வாரங்களாகியும் வலி குறையாவிட்டால் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். போகும்போது, வேலை மும்முரத்தில் நீங்கள் அமர்ந்திருக்கும் கோலத்தைப் பக்கவாட்டிலிருந்து வீட்டார் எடுத்த ஒரு படத்தையும் கொண்டுசெல்லுங்கள். மருத்துவர் முன் நாம் அனைவரும் நிமிர்ந்தே உட்காருகிறோம்.