டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும்போது வரும் பரு: படிப்படியாகச் சமாளிப்பது எப்படி?

ஹார்மோன் ஆரம்பித்த சில வாரங்களிலேயே முகத்தில் எண்ணெய் வழியத் தொடங்கும். அப்புறம் தாடையோரம் ஒன்றிரண்டு பரு. பிறகு நெற்றி, கன்னம், தோள்பட்டை, முதுகு. குரல் எப்போது உடையும், மீசை எப்போது அரும்பும் என்று காத்திருந்த திருநம்பிகள் (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு, ஆணாக வாழ்பவர்கள்) பலருக்கு முதலில் வந்து சேர்வது இந்தப் பருதான். வலி ஒரு பக்கம், கண்ணாடி பார்க்கவே பிடிக்காத மனநிலை இன்னொரு பக்கம். 'ஹார்மோனையே நிறுத்திவிடலாமா' என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். பெரும்பாலானவர்கள் டெஸ்டோஸ்டிரோனை விடாமலேயே பருவைக் கட்டுக்குள் கொண்டுவர முடியும். அதற்கு வேண்டியது இரண்டு மூன்று சரியான பொருட்களும் நிறையப் பொறுமையும்.

முதலில், ஏன் வருகிறது?

டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி சருமத்துக்குள்ளேயே டிஹெச்டி என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாறுகிறது. அது எண்ணெய்ச் சுரப்பிகளைப் பெரிதாக்கி, எண்ணெயை அதிகம் சுரக்க வைக்கிறது. செத்த செல்களும் எண்ணெயும் சேர்ந்து மயிர்க்கால் துளையை அடைக்கின்றன. வழக்கமாக அங்கேயே வாழும் பாக்டீரியா அந்த அடைப்புக்குள் பெருகி, சிவப்பும் வீக்கமும் சீழும் வருகின்றன. ஆக, இது முகம் அழுக்காக இருப்பதால் வருவதல்ல. எத்தனை முறை கழுவினாலும் தீராது.

பொதுவாக முதல் 6 மாதங்களுக்குள் தொடங்கி, 1 முதல் 2 வருடத்துக்குள் உச்சத்தைத் தொடும். அதற்குப் பிறகு பலருக்குத் தானாகவே குறையும். ஆனால் அதுவரை சும்மா காத்திருந்தால் தழும்பு விழுந்துவிடலாம். தழும்பைப் போக்குவது பருவைப் போக்குவதைவிடப் பல மடங்கு கடினம்.

படி 1: உங்களுக்கு வந்திருப்பது எந்த வகை?

நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கரும்புள்ளிகள், தோல்நிறச் சிறு புடைப்புகள், அங்கங்கே சிவந்த பருக்கள் என்றால் கீழே உள்ள முறையை வீட்டிலேயே தொடங்கலாம். தொட்டாலே வலிக்கும் ஆழமான கட்டிகள் இருந்தாலோ, ஏற்கெனவே குழி விழ ஆரம்பித்திருந்தாலோ நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள். வீட்டு முயற்சியில் மாதங்களைக் கழிக்காதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மார்பிலும் முதுகிலும் நெற்றியிலும் ஒரே அளவில் பொடிப்பொடியாக வந்து நன்றாக அரித்தால், அது பருவாக இல்லாமல் மயிர்க்காலில் வரும் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். பரு மருந்துக்கு அது அடங்காது. கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சை மருந்து தேவைப்படும். மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 2: அடிப்படையைச் சரிசெய்யுங்கள்

காலையில் ஒன்று, இரவில் ஒன்று என மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவினால் போதும். வியர்த்தால் கூடுதலாக ஒரு முறை. ஸ்க்ரப் வேண்டாம், அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம். கழுவியதும் துளைகளை அடைக்காத வகை மாய்ஸ்சரைசர். எண்ணெய் வழியும் முகத்துக்கு எதற்கு மாய்ஸ்சரைசர் என்று தோன்றும். பரு மருந்துகள் தோலை உலர்த்தி உரிய வைக்கும். அந்த எரிச்சல் தாங்காமல்தான் பலரும் மருந்தைப் பாதியில் விடுகிறார்கள். காலையில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். மாநிற, கருநிறத் தோலில் பரு போன பிறகும் கறுப்புத் தடம் மாதக்கணக்கில் நிற்கும். வெயில் பட்டால் அது இன்னும் கறுக்கும்.

படி 3: மருந்து, ஒவ்வொன்றாக

தொடக்கத்துக்கு இரண்டே மருந்துகள் போதும்: பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன். முதலாவது பாக்டீரியாவைக் கொல்லும். இரண்டாவது துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். அடாபலீன் சில நாடுகளில் மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கும், சில நாடுகளில் மருத்துவர் எழுதித்தர வேண்டும்.

முதல் இரண்டு வாரம் பென்சாயில் பெராக்சைடு மட்டும். 2.5 சதவீதமே எடுங்கள். 10 சதவீதம் அதைவிடப் பெரிதாக எதையும் சாதிப்பதில்லை, எரிச்சல்தான் கூடும். காலையில் முகம் கழுவி ஈரம் உலர்ந்ததும் மெல்லிய படலமாகத் தடவுங்கள். பருவின் மேல் மட்டும் புள்ளி வைக்காமல், பரு வரும் பகுதி முழுவதும் தடவ வேண்டும். அடுத்து வரப்போவதைத் தடுப்பதுதான் நோக்கம். இது துணியை வெளுக்க வைக்கும் என்பதை மறக்காதீர்கள். தலையணை உறை, துண்டு, கழுத்துப்பட்டை எல்லாம் திட்டுத்திட்டாக நிறம் போகும். வெள்ளைத் துண்டு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

தோல் பழகியதும் இரவில் 0.1 சதவீத அடாபலீன் ஜெல் சேர்க்கலாம். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவுதான். நெற்றி, இரு கன்னம், தாடை என்று சிறு புள்ளிகளாக வைத்து விரலால் பரப்புங்கள். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் வேண்டாம். வாரத்தில் 2 அல்லது 3 இரவுகளில் தொடங்கி, எரிச்சல் இல்லையென்றால் மெல்ல மெல்ல தினமும் என்று கொண்டுவாருங்கள். எரிந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் ஜெல்.

முதல் சில வாரங்களில் பரு கூடுவது போலத் தெரியலாம். இங்கேதான் பலர் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். வாரம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது, படத்தில் தெரியும்.

கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டாலோ அடாபலீன் வேண்டாம். அசெலாயிக் அமிலம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கறுப்புத் தடம் குறையவும் அது உதவும்.

படி 4: முதுகு, மார்பு, பைண்டர்

பென்சாயில் பெராக்சைடு கலந்த வாஷை முதுகிலும் மார்பிலும் தடவி, 2 முதல் 5 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். போட்டதும் கழுவினால் பயனில்லை.

பைண்டர், அதாவது மார்பைத் தட்டையாகக் காட்டும் இறுக்கமான உள்ளாடை அணிபவர்களுக்குக் கூடுதல் சிக்கல். இறுக்கம், உரசல், உள்ளே தேங்கும் வியர்வை மூன்றும் பருவைத் தூண்டும். அதன் விளிம்பு பதியும் இடத்தில், அக்குளுக்குக் கீழே வரிசையாகப் பரு வந்தால் காரணம் இதுதான். 8 மணி நேரத்துக்கு மேல் அணியாதீர்கள், அதோடு தூங்காதீர்கள், வியர்த்த பைண்டரை அடுத்த நாளும் துவைக்காமல் மாட்டாதீர்கள். மாற்றிப்போட இன்னொன்று இருந்தால் நல்லது. வெளியில் கழற்ற முடியாத சூழல் பலருக்கு இருக்கிறது, புரிகிறது. வீட்டுக்கு வந்ததும் கழற்றிக் குளித்துவிடுவதே பெரிய உதவி.

புதிதாகச் சவரம் செய்பவர்கள் முடி வளரும் திசையிலேயே சிரையுங்கள். பரு அதிகமாக இருந்தால் பிளேடுக்குப் பதில் ட்ரிம்மர். தாடி எண்ணெய்களைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்.

படி 5: டோஸைப் பற்றிப் பேசுங்கள், நீங்களே மாற்றாதீர்கள்

அளவு தேவைக்கு மேல் போயிருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் தெரியும். ஊசி போட்டதும் அளவு உச்சத்துக்கு ஏறி, அடுத்த ஊசிக்குள் இறங்கிவிடுவது சிலருக்குப் பருவைக் கூட்டுகிறது. குறைந்த அளவில் அடிக்கடி போடுவது, அல்லது ஜெல்லுக்கு மாறுவது பற்றி ஹார்மோன் மருத்துவரிடம் கேட்கலாம். சீக்கிரம் மாற்றம் வரட்டும் என்று அளவைக் கூட்டிப் போட்டால் முதலில் பலியாவது சருமம்தான். உடற்பயிற்சிக்காக வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) குடிப்பவர்கள் சில வாரம் அதை விட்டுப் பார்ப்பதும் பயன் தரலாம்.

படி 6: தோல் மருத்துவரிடம் போகும்போது

12 வாரத்தில் குறையவில்லையா, போங்கள். டெஸ்டோஸ்டிரோன் எடுப்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொல்லத் தயக்கமாக இருக்கும்தான். ஆனால் மருந்துத் தேர்வே அதைப் பொறுத்தது. பெண்களுக்குப் பருவுக்காக எழுதித்தரும் ஸ்பைரோனோலாக்டோன் ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் உங்கள் நோக்கத்துக்கு எதிராகப் போகும்.

டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் தந்தால் அது சில மாதங்களுக்கு மட்டும். பென்சாயில் பெராக்சைடை அதோடும் தொடர வேண்டும், இல்லாவிட்டால் பாக்டீரியா மருந்துக்குப் பழகிவிடும்.

கடுமையான பருவுக்கு ஐசோட்ரெடினோயின் மிகச் சிறந்த மருந்து. டெஸ்டோஸ்டிரோனோடு சேர்த்தே எடுக்கலாம். ஈரலையும் ரத்தக் கொழுப்பையும் பரிசோதித்துக்கொண்டே இருப்பார்கள். மனச்சோர்வு கூடினால் உடனே சொல்லுங்கள். இந்த மருந்து கருவுக்குக் கடும் ஊனத்தை உண்டாக்கும். கருப்பையும் சினைப்பையும் இருந்து, கர்ப்பமாகக்கூடிய உறவில் இருப்பவர்கள் கருத்தடை இல்லாமல் இதைத் தொடவே கூடாது. முடித்து ஒரு மாதம் வரையிலும் அதே கட்டுப்பாடு. மாதவிடாய் நின்றுவிட்டது, டெஸ்டோஸ்டிரோன் எடுக்கிறேன், அதனால் கர்ப்பம் ஆகாது என்று நினைப்பது தவறு. டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்தல்ல. மார்பு அறுவைசிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் இந்த மருந்தைப் பற்றி அறுவைசிகிச்சை நிபுணரிடமும் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

பருவைக் கிள்ளாதீர்கள். எலுமிச்சைச் சாறு, பற்பசை வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த 'சிவப்பழகு' க்ரீம் முதல் வாரத்தில் முகத்தைப் பளபளப்பாக்கும், பிறகு பருவை இன்னும் மோசமாக்கி, தோலையும் மெலிய வைக்கும். ட்யூபில் சேர்மானப் பெயர்களைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

முகம் தெளிந்துவிட்டதென்று ஒரேயடியாக எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். ஹார்மோன் தொடரும் வரை எண்ணெயும் சுரக்கும். அடாபலீனைத் தொடருங்கள், தோல் பல மாதம் அமைதியாக இருந்தால் வாரத்தில் சில இரவுகளாகக் குறைத்துப் பாருங்கள். மீண்டும் பரு தலைகாட்டினால் தினமும் என்ற பழைய முறைக்குத் திரும்பிவிடலாம்.