"வக்கீல் இருக்கிறாரா?" என்று கேட்டால் சும்மா தலையாட்டாதீர்கள்

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கே எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெயர், ஊர், "போலீஸ் அடித்தார்களா?", "வக்கீல் இருக்கிறாரா?" ராத்திரி முழுக்கத் தூங்காத பையன் எதற்கும் தலையை மட்டும் ஆட்டுவான். ரிமாண்ட் ஆகிவிடும். இலவச சட்ட உதவியில் நம் மக்கள் கோட்டை விடும் முதல் இடம் இதுதான். "வக்கீல் வைக்க வசதியில்லை, நீங்களே வைத்துக் கொடுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்காதவருக்கும் இந்த உரிமை உண்டு. அருணாச்சலப் பிரதேசத்தின் சுக்தாஸ் வழக்கில், வக்கீல் இல்லாமலே விசாரணை நடந்தது என்பதற்காக 1986ல் உச்ச நீதிமன்றம் தண்டனையையே ரத்து செய்தது. ஆனால் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயிப்பதைவிட முதல் நாளே கேட்பது எவ்வளவோ மேல்.

அந்த முதல் நாளை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 60 நாளில் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் பெறுவது கைதியின் உரிமை. பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள். ஆனால் தானாக யாரும் விட்டுவிட மாட்டார்கள், மனு போட வேண்டும். மனு போடுவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். இந்த நாட்களை எண்ண ஒரு வக்கீல் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்களை நினைத்தால் மனசு கனக்கிறது.

அடுத்தது, வருமானச் சான்றிதழுக்காக அலைவது. கணவன் மேல் ஜீவனாம்ச வழக்குப் போட வேண்டிய பெண், தாலுகா ஆபீஸ் வாசலில் வாரக்கணக்கில் நிற்பாள். தேவையே இல்லை. பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12வது பிரிவில் வருமான வரம்பே கிடையாது. மற்றவர்களுக்குத்தான் வரம்பு. அவர்களிடமும் வருமானம் பற்றிய பிரமாணப் பத்திரத்தையே ஏற்றுக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

எங்கே போவது? கோர்ட் வளாகத்துக்குள்ளேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். தாலுகாவில் வட்டக் குழு. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லுங்கள், அங்கே எழுதிக்கொள்வார்கள். சட்ட உதவி எண்ணான 15100க்கும் போன் செய்யலாம். வாசலில் "நான் முடித்துத் தருகிறேன்" என்று வருபவரிடம் பேச்சே வேண்டாம்.

"டைப்பிங் செலவு, குமாஸ்தாவுக்கு ஏதாவது" என்று கேட்டால் கொடுத்துவிடுகிறோம். கம்மலை அடகு வைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. கோர்ட் கட்டணம், நகல் செலவு எல்லாமே உதவிக்குள் அடங்கும். யார் பணம் கேட்டாலும் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். வக்கீல் சரியாகக் கவனிக்கவில்லை என்றாலும் அதேதான், மாற்றித் தரும்படி கேட்கலாம். கோபத்தில் வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள், பிடிவாரண்ட் உங்கள் மேல்தான் வரும். ஒரிஜினல் பத்திரங்களை ஜெராக்ஸ் எடுக்காமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

அப்புறம், தண்டனை வந்துவிட்டால் "எல்லாம் முடிந்தது" என்று வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். மேல்முறையீட்டுக்கும் இலவச வக்கீல் உண்டு. உள்ளே இருப்பவர் சிறைக் கண்காணிப்பாளர் மூலமாகவே மனு அனுப்பலாம். செஷன்ஸ் தீர்ப்பை எதிர்த்து ஹைகோர்ட்டுக்குப் போகப் பொதுவாக 60 நாள் அவகாசம். தூக்குத் தண்டனை என்றால் 30 நாள்தான்.