கல்லால உக்காந்தா கணக்கு மறந்துபோகுதா? மீதி சில்லறை தப்பில்லாம குடுக்குறது எப்படி

ஞாயித்துக்கிழமை காலைல பதினோரு மணி, கடைல நிக்க இடமில்ல, கல்லால புதுசா சேந்த தம்பி உக்காந்திருக்கான். ஒரு அக்காவுக்கு பில் 263. 500 ரூபா நோட்டு குடுத்தாங்க, இவன் மிஷின்ல 500னு தட்டிட்டான், மீதி 237னு காட்டுது, 200 ரூபா நோட்டை கைல எடுத்துட்டான், அப்பதான் அந்த அக்கா பர்ஸை நோண்டி "இந்தா தம்பி, 13 ரூபா சில்லறையா இருக்கு"ன்னு நீட்டுறாங்க. அவ்வளவுதான். பையன் மிஷினைப் பாக்குறான், அக்காவைப் பாக்குறான், கைல இருக்குற நோட்டைப் பாக்குறான், ஒண்ணும் ஓடல. வரிசைல மூணாவதா எண்ணெய் பாக்கெட்டோட நின்ன பெரியவர் "250 குடுப்பா"ன்னு சொன்னதுக்கப்புறம்தான் மூச்சு வந்துச்சு. பி.காம் முடிச்ச பையன்ங்க அவன்.

இதைப் பாத்து "இந்தக் காலத்துப் பசங்களுக்கு கணக்கே வராது"ன்னு சொல்றவங்க நிறைய. எனக்கு அது சரியா படல. வீட்ல உக்கார வச்சு 513ல 263 போனா எவ்வளவுன்னு கேட்டா அவனே சொல்லிருவான். கல்லால நிக்கும்போது ஒருத்தர் "எவ்ளோ ஆச்சு"ங்குறார், இன்னொருத்தர் கொத்தமல்லி இருக்கான்னு கேக்குறார், போன் அடிக்குது, பில் பேப்பர் தீந்துருச்சு, இதுக்கு நடுவுல பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்த மாதிரி "மூணுல ஏழு போகாது, பக்கத்துல ஒண்ணு கடன் வாங்கு"ன்னு மனசுக்குள்ள போட்டா யாருக்கும் வராது. போதாததுக்கு இப்ப பாதிப் பேர் ஜிபே பண்ணிட்டு போயிடுறாங்க, அதனால கைப்பழக்கமும் விட்டுப்போச்சு. நான் சித்தப்பா மளிகைக் கடைல பதினாறு வருஷமா கல்லால இருக்கேன், ஆரம்பத்துல நானும் திட்டு வாங்கினவன்தான், அதனால எனக்குப் பிடிபட்டதை எழுதுறேன்.

முதல் விஷயம், கழிக்காதீங்க. கூட்டிக்கிட்டே போங்க. பில் 347, குடுத்தது 500ன்னு வைங்க. 347ஐ வாயில வச்சுக்கிட்டு ஒரு ரெண்டு ரூபா காசு, ஒரு ஒரு ரூபா காசு எடுங்க, "350". ஒரு அம்பது ரூபா நோட்டு எடுங்க, "400". ஒரு நூறு ரூபா நோட்டு, "500". முடிஞ்சுது. மீதி 153ன்னு நீங்க ஒரு தடவை கூட நினைக்கவே வேண்டாம், அந்த நம்பர் உங்களுக்குத் தேவையே இல்ல. கழிக்கும்போது மூணு நாலு நம்பரை மனசுல பிடிச்சு வச்சுக்கணும், நடுவுல ஒருத்தர் பேசினா எல்லாம் கொட்டிடும். இதுல ஒரே ஒரு நம்பர்தான், அதுவும் வாயில சத்தமா சொல்லிக்கிட்டு இருக்கோம், எவன் குறுக்க பேசினாலும் விட்ட இடத்துலருந்து தொடரலாம். இன்னொரு லாபம், இதையே வாடிக்கையாளர் கைல வைக்கும்போதும் சத்தமா சொன்னீங்கன்னா அவங்களும் கூடவே எண்ணிக்குவாங்க, அப்புறம் வாசல் வரைக்கும் போயி திரும்பி வந்து "பத்து ரூபா குறையுதே"ன்னு கேக்க மாட்டாங்க. எங்க சித்தப்பா எட்டாவது வரைக்கும்தான் படிச்சவர், அவர் இப்படித்தான் குடுப்பார், ஒரு நாளும் அவர் கழிச்சு நான் பாத்ததில்ல.

சின்னதுலருந்து பெருசுக்குப் போங்க, காசு முதல்ல, நோட்டு அப்புறம். மொதல்ல அடுத்த பத்து, அப்புறம் அடுத்த நூறு, அப்புறம் குடுத்த நோட்டு. மூணே படி.

சரி, முழு நம்பர் வேணும், மிஷின் ஹேங் ஆயிடுச்சு, பாக்கி எவ்வளவுன்னு சொல்லணும்னா அதுக்கு ஒரு வழி இருக்கு. 500, 200, 100 மாதிரி ரவுண்டு நோட்டுலருந்து எடுக்குறப்ப கடைசி எண்ணுக்கு பத்துக்கு எவ்வளவு பாக்கி, நடு எண்ணுக்கு ஒம்போதுக்கு எவ்வளவு பாக்கி, முதல் எண்ணுக்கு நோட்டுல ஒண்ணு குறைச்சு எவ்வளவு பாக்கி. 281ஐ 500ல பாப்போம். 5ல ஒண்ணு குறைச்சா 4, அதுல 2 போனா 2. 9ல 8 போனா 1. 10ல 1 போனா 9. 219. இடதுலருந்து வலதுக்கு அப்படியே வாசிச்சுட்டே போலாம், கடன் வாங்குறது எதுவும் இல்ல. பில் 230, 280ன்னு சைபர்ல முடிஞ்சா மட்டும் சைபரை அப்படியே விட்டுட்டு நடு எண்ணுக்கு பத்து வச்சுக்கணும். இதை மறந்துட்டு பத்து ரூபா குறைச்சுக் குடுத்து நான் ரெண்டு தடவை வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன்.

இதைப் பழக தனியா உக்காரத் தேவையில்ல. பஸ்ல போகும்போது முன்னாடி போற வண்டி நம்பர்ல கடைசி ரெண்டு எண்ணைப் பாருங்க, 36ன்னா 64, 72ன்னா 28, 09ன்னா 91. நூறுக்கு ஜோடி சொல்லிக்கிட்டே போங்க. பத்து நாள்ல தானா வாயில வரும்.

இப்ப அந்த 13 ரூபா அக்காகிட்ட வருவோம், ஏன்னா இங்கதான் முக்காவாசிப் பேர் திணறுறாங்க. நோட்டு குடுத்துட்டு, நீங்க மிஷின்ல தட்டுனதுக்கப்புறம் சில்லறையை நீட்டுவாங்க. மறுபடியும் மொதல்லருந்து போடாதீங்க. நீங்க குடுக்க வேண்டிய மீதியோட அந்தச் சில்லறையைக் கூட்டிக்கங்க, அவ்வளவுதான் விஷயம். 237 குடுக்கணும், அவங்க 13 தர்றாங்க, 250. மொதல்லயே நோட்டும் சில்லறையும் சேத்துக் குடுத்தா பில்லுலருந்து சில்லறையை எடுத்துருங்க, 263ல 13 போனா 250, இப்ப 250க்கு 500 குடுத்திருக்காங்க, பாக்கி கண்ணுக்கு முன்னாடியே நிக்குது. அவங்க சும்மா ஒரு காசைத் தூக்கி நீட்டல, உங்களுக்கு கணக்கு ரவுண்டா வரணும்னு யோசிச்சுத்தான் தர்றாங்க, அதனால கூட்டினா கண்டிப்பா ஒரு நல்ல நம்பர் வரும். வரலைன்னா எங்கயோ தப்புன்னு அர்த்தம், நிறுத்திட்டுப் பாருங்க.

இதையே நீங்களும் கேட்டு வாங்கலாம். சில்லறை தீந்துபோன நேரத்துல "சில்லறை இருக்கா"ன்னு மொட்டையா கேட்டா எல்லாரும் இல்லன்னுதான் சொல்லுவாங்க. "ரெண்டு ரூபா இருக்கா அக்கா"ன்னு குறிப்பாக் கேட்டா தேடிப்பாத்துத் தருவாங்க. எவ்வளவு கேக்கணும்னா, பில்லோட கடைசி எண் ஒண்ணுலருந்து அஞ்சு வரைக்கும் இருந்தா அதையே கேளுங்க. ஆறுலருந்து ஒம்போது வரைக்கும் இருந்தா அஞ்சு குறைச்சுக் கேளுங்க. 347க்கு 2 ரூபா கேட்டா 155 குடுத்தாப் போதும், ஒரு அஞ்சு ரூபா காசுல வேலை முடியும். 263க்கு 3 ரூபா கேட்டா 240. சில்லறை இல்லன்னு மிட்டாய் குடுக்குற பழக்கம் மட்டும் வேண்டாம். எங்க தெருவுல ஒரு அம்மா அந்த மாதிரி சேந்த மிட்டாயை எல்லாம் ஒரு கவர்ல கொண்டாந்து பன்னெண்டு ரூபா பில்லுக்கு எண்ணி வச்சாங்க, சித்தப்பா ஒண்ணும் பேசாம வாங்கிக்கிட்டார், அன்னையோட எங்க கடைல மிட்டாய் நின்னுபோச்சு.

பத்து ரூபா காசு விஷயமும் இங்கயே சொல்லிடறேன். தமிழ்நாட்டுல ரொம்ப நாள் அது செல்லாதுன்னு ஒரு புரளி ஓடிக்கிட்டே இருந்துச்சு, டிசைன் வேற மாதிரி இருக்குன்னு வாங்க மாட்டாங்க. 2018 ஜனவரில ரிசர்வ் பேங்க்கே 14 டிசைனும் செல்லும்னு அறிக்கை விட்டுச்சு. நீங்க தயங்காம வாங்கிப் போட்டீங்கன்னா பத்து ரூபா நோட்டு கிழிஞ்சதா வர்ற தொல்லை பாதி குறையும்.

கல்லாப்பெட்டி அடுக்குறதுல பாதிக் கணக்கு முடிஞ்சிடும். 500, 200, 100, 50, 20, 10னு வரிசை மாறாம, எல்லா நோட்டுலயும் காந்தி மேல பாத்த மாதிரி. முக்கியமா 200ஐயும் 20ஐயும் பக்கத்துல வைக்காதீங்க. 200 நோட்டு 2017 ஆகஸ்ட்ல வந்தது, நல்ல மஞ்சள், இப்ப இருக்குற 20 பச்சை கலந்த மஞ்சள், ராத்திரி லைட்டு வெளிச்சத்துல அவசரத்துக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும். அதே மாதிரி 100 கத்தரிப்பூ கலர், 50 நீலம், மடிச்சு வச்சிருந்தா ஏமாந்துருவோம். நோட்டை எப்பவும் விரிச்சு வாங்குங்க. கலரைப் பாக்காம நம்பரைப் பாருங்க.

அப்புறம் வாங்குன நோட்டை உடனே பெட்டிக்குள்ள போடாதீங்க. பெட்டி மேல வெளிய வச்சு, "500 குடுத்திருக்கீங்க"ன்னு வாய்விட்டு சொல்லி, மீதி குடுத்து முடிச்சதுக்கப்புறம் உள்ள போடுங்க. "நான் 500தானே குடுத்தேன், நீ 200க்கு பாக்கி தர்றியே"ன்னு யாராவது சொன்னா நோட்டு அங்கயே கிடக்கும், பஞ்சாயத்தே வராது.

இதைவிட முக்கியமா ஒண்ணு. நான் ஏமாந்த கதை. ஒருத்தர் 20 ரூபாய்க்கு பிஸ்கட் வாங்கி 500 குடுத்தார், 480 குடுத்துட்டேன். வாங்கி எண்ணிட்டு, "அடடா, எங்கிட்ட 20 ரூபா இருக்கே, இந்தாங்க, அந்த 500ஐ குடுத்துருங்க"ன்னார். குடுத்தேன். அவர் 20ஐயும், நான் குடுத்த காசையும் மடிச்சுத் திருப்பி வச்சுட்டு, அரிசி விலை கேட்டுக்கிட்டே பேசிக்கிட்டே போயிட்டார். சாயங்காலம் கல்லா கட்டும்போது நூறு ரூபா இல்ல. மடிச்சு வச்சதுல அந்த 20 போக 380தான் இருந்திருக்கு. அதனால ஒரு கணக்கு முடியாம அடுத்த கணக்கைத் தொடவே தொடாதீங்க. மொதல்ல காசு உங்க கைக்கு வரணும், நீங்க எண்ணணும், அப்புறம்தான் நோட்டு வெளிய போகணும். "ஜிபே பண்ணிட்டேன், 200 கேஷா குடுங்க"ங்குறதும் இப்படித்தான், ஸ்பீக்கர் சத்தம் கேட்டதுக்கப்புறம், பில்லோட சேக்காம தனியா. அவசரப்படுத்துறவர்கிட்டதான் நிதானம் ஜாஸ்தி வேணும்.

கூட்டல்லயும் கொஞ்சம். கரண்ட் போயிடுச்சு, அட்டைல எழுதிக் கூட்டுறோம்னா வலதுலருந்து கூட்டாதீங்க, இடதுலருந்து கூட்டுங்க, பெரிய தொகை முதல்ல கைக்கு வரட்டும். 48, 76, 135, 22 இருக்குன்னா பத்துக்கு ஜோடி தேடுங்க, 48ம் 22ம் 70, அதோட 76 சேந்தா 146, அதோட 135 சேந்தா 281. 38 ரூபா சோப்பு மூணுன்னா நாப்பதா வச்சு 120, ஆறு எடுத்தா 114. எடை போடுறதுக்கு நம்ம ஆளுங்க சொல்ற கால், அரை, முக்கால்தான் இன்னைக்கும் ராஜா. கிலோ 180ன்னா அரை 90, கால் அதுல பாதி 45, முக்கால்னா ரெண்டையும் சேத்து 135. நூறு கிராம்னா பத்துல ஒண்ணு, 18. முன்னூத்தம்பது கிராம் கேட்டா கால் கிலோ 45, நூறு கிராம் 18, மொத்தம் 63. எழுதிப் போடுறதுல வெக்கமே வேண்டாம், பஸ் கண்டக்டரே டிக்கெட் பின்னாடி பாக்கியை எழுதித்தான தர்றாரு.

ராத்திரி கல்லா கட்டும்போது வித்தியாசம் வந்தா அதுலயே துப்பு இருக்கும். 450 குறைஞ்சா 50ம் 500ம் மாறியிருக்கு. 300ன்னா 200ம் 500ம். 180ன்னா நான் சொன்ன அந்த மஞ்சள் நோட்டுங்க. 27, 36, 54 மாதிரி ஒம்போதால வகுபடுற சின்னத் தொகைன்னா எங்கயோ எண்ணை மாத்தி எழுதியிருக்கீங்க, 63ஐ 36ன்னு, நோட்டுப் புத்தகத்தை முதல்ல பாருங்க. குறையாம ஜாஸ்தியா இருந்தா சந்தோஷப்பட்டு பாக்கெட்ல போட்டுக்காம, தேதி எழுதி ஒரு கவர்ல தனியா வைங்க, காலைல பால் வாங்க வர்றப்ப யாராவது "நேத்து எனக்கு நூறு ரூபா பாக்கி தரல"ன்னு வந்து நிப்பாங்க.