மொட்டை மாடியில் ஷீட் போடப் போறீங்களா? பெர்மிஷன், விதியெல்லாம் இப்படிப் பாருங்க

"ஷீட்டுக்கு எதுக்குங்க பெர்மிஷன், அது டெம்பரரிதானே!" என் வீட்டுக்கு அளவெடுக்க வந்த வெல்டிங்காரர் சொன்னது இது. அதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். நகராட்சிச் சட்டங்களில் கட்டிடம் என்ற சொல்லுக்குள் ஷெட், குடிசை எல்லாமே வருகிறது. செங்கல்லில் கட்டினாலும் மரத்திலோ இரும்பிலோ போட்டாலும் கட்டிடம்தான்.

முதலில் உங்கள் வேலை எந்த வகை என்று பாருங்கள். உடைந்த ஓடுகளையோ துருப்பிடித்த ஷீட்டையோ பிரித்துவிட்டு அதே இடத்தில், அதே உயரத்தில் புதுசு போடுவது பராமரிப்பு. தேசியக் கட்டிட விதித்தொகுப்பு (2016) அனுமதி தேவையில்லாத வேலைகளை அடுக்கும்போது வெள்ளையடிப்பதோடு ஓடு மாற்றுவதையும் கூரை மாற்றுவதையும் சேர்த்தே சொல்கிறது. வெறும் மாடியில் புதிதாகத் தூண் நட்டுக் கூரை போடுவது அப்படியில்லை, அதற்குப் போய்க் கேட்டே ஆக வேண்டும். அதிலும் நாலு பக்கமும் அடைத்து, கதவு வைத்து, வாடகைக்கு விட்டீர்கள் என்றால் அது இன்னொரு மாடி. தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் அடிப்படை 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள். சாதாரண உயரமுள்ள வீடுகளுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது 1,200 சதுர அடி மனையில் பொதுவாக 2,400 சதுர அடி வரை கட்டலாம். ஏற்கெனவே அந்த எல்லையைத் தொட்டிருந்தால் மேலே அறைக்கு இடமில்லை. மீறினால் 1971ஆம் வருட நகர ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் நோட்டீஸ் வரும், வேலையை நிறுத்தவும் இடிக்கச் சொல்லவும் அதில் அதிகாரம் இருக்கிறது.

சரி, யாரிடம் கேட்பது? மாநகராட்சி, நகராட்சி என்றால் நகரமைப்புப் பிரிவு, கிராமம் என்றால் ஊராட்சி அலுவலகம். பழைய அப்ரூவல் பிளான் நகல், மாடியின் போட்டோ, உயரம் குறித்த ஒரு சின்ன வரைபடம் மூன்றையும் எடுத்துப் போங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு வராமல் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள், நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் உங்கள் கையில் இருப்பது அந்தத் தாள்தான். அபார்ட்மெண்ட் என்றால் மாடி எல்லோருக்கும் பொது, அசோசியேஷன் தீர்மானம் இல்லாமல் தொடவே வேண்டாம்.

தாராசுரம், மாமல்லபுரம் மாதிரி ஊர்க்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானமே கூடாது, பழுதுபார்க்கக்கூட அனுமதி வாங்க வேண்டும். அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு உண்டு.

அடுத்தது கரண்ட் கம்பி. வீட்டு லைன் கூரைக்கு மேலே போனால் 2.5 மீட்டர், பக்கவாட்டில் போனால் 1.2 மீட்டர் இடைவெளி கட்டாயம். 11 கேவி உயர் அழுத்த லைன் மேலே போனால் 3.7 மீட்டர். மாடியாக இருந்தவரை சரியாக இருந்த இடைவெளி, பத்தடி தூண் நட்டதும் காணாமல் போய்விடும்.

எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது காற்று. கட்டிடங்களுக்கான காற்று வேகத்தைச் சொல்லும் இந்தியத் தர விதி ஐஎஸ் 875 மூன்றாம் பகுதிப்படி சென்னையில் கட்டுகிறவர் நொடிக்கு 50 மீட்டர் காற்றுக்குக் கணக்குப் போட வேண்டும், மணிக்கு 180 கிலோமீட்டர். திருச்சிக்கு 47, மதுரைக்கும் கோவைக்கும் 39. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் அடித்த மறுநாள் எங்கள் தெருவில் ஒரு முழுக் கூரை ரோட்டில் கிடந்தது. ஷீட்டில் ஒரு ஸ்க்ரூகூடக் கழன்றிருக்கவில்லை. தூணுக்கு அடியில் இருந்த பேஸ் பிளேட் என்ற இரும்புத் தகட்டோடு நாலு போல்ட், அந்தப் போல்ட்டோடு பெயர்ந்து வந்த செங்கல். தூணை நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவர் மேலேயே வைத்திருந்தார்கள். காற்று கூரையை அமுக்குவதைவிட மேலே தூக்குவதுதான் ஆபத்து, அந்த இழுப்பைச் செங்கல் தாங்காது. தூண் ஒவ்வொன்றும் கீழே இருக்கிற கான்கிரீட் பீம், பில்லருக்கு நேர் மேலே வரட்டும், ஆங்கர் போல்ட் கான்கிரீட்டுக்குள் இறங்கட்டும். பதிவுபெற்ற பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டு இதை மட்டுமாவது வரைந்து கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டு, அப்புறம் வெல்டிங்காரரிடம் கொடுங்கள்.

மழைநீர்க் குழாயை மறக்காதீர்கள். 2003இலிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். புதுக்கூரைத் தண்ணீரும் அந்தத் தொட்டிக்குத்தான் போக வேண்டும், பக்கத்து வீட்டுச் சுவரில் விழக்கூடாது.