சொசைட்டியில் பயிர்க்கடன் வாங்கப் போறீங்களா?

தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டிவிட்டால் வட்டியே இல்லை, அந்த 7 சதவீதத்தை அரசு பார்த்துக்கொள்ளும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் நடவு தொடங்கிய பிறகு ஓடினால் அலைச்சல்தான்.

முதலில் உங்கள் வருவாய்க் கிராமம் எந்தச் சங்கத்தின் எல்லையில் வருகிறது என்று கேட்டு, பங்குத்தொகை கட்டி உறுப்பினர் ஆகிவிடுங்கள். கடனுக்குக் கேட்கும் தாள்களில், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் சிட்டாவை ஆன்லைனிலேயே எடுத்துவிடலாம். நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலில்தான் சிக்கல்; நீங்கள் கேட்கும் பயிரும் அதில் இருக்கும் பயிரும் ஒன்றாக இருக்கிறதா என்று விஏஓ அலுவலகத்திலேயே ஒருமுறை படித்துப் பாருங்கள், நிலக்கடலை போடுகிறவருக்கு நெல் என்று இருந்தால் மறுபடி நடை. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் அதை மாற்றுவதுதான் முதல் வேலை, அதற்கு நாள் பிடிக்கும். குத்தகைக்கு உழுபவர்கள், தாங்கள்தான் சாகுபடி செய்கிறோம் என்று காட்ட என்ன சான்று வேண்டும் என்று சங்கச் செயலாளரிடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம், கடனில் ஒரு பகுதி உரமாகவும் வரும், மூட்டையை எண்ணி வாங்குங்கள். தவணைத் தேதியை பாஸ்புக் அட்டையிலேயே எழுதி வையுங்கள், தாண்டினால் வட்டி உங்கள் தலையில்.