பாறைக்குள் சாலைச் சுரங்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் கேபிஇ (காலாங்-பாய லேபார்), எம்சிஇ (மரீனா கரையோர) விரைவுச்சாலைச் சுரங்கங்கள் பெரும்பாலும் மேலிருந்து தோண்டி, கட்டி, மூடியவை. பாறையைக் குடைவது வேறு வேலை. அந்த அனுபவத்தை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது.

சிங்கப்பூர்த் தீவின் நடுப்பகுதியில் இருக்கும் புக்கிட் தீமா கிரானைட் என்றதும் "கெட்டிப் பாறை, தானே நிற்கும்" என்று நினைத்துவிடுகிறோம். நம் மழையும் வெப்பமும் அதைப் பல மீட்டர் ஆழத்துக்கு மண்ணாக்கியிருக்கின்றன. பாறை மட்டம் ஏறி இறங்கும். மண்ணுக்குள் உருண்டைப் பாறைகள் தனியே கிடக்கும். நிலத்தை ஆராயப் போட்ட இரண்டு துளைகளில் பாறை தட்டியதை வைத்து நடுவில் நேர்கோடு போட்டால், அங்கே பள்ளமும் மண்ணும் இருக்கலாம். மேல்பாதி மண், கீழ்பாதி பாறை என்று வரும் இடம்தான் மிகவும் ஆபத்தானது.

துளையிலிருந்து எடுத்த உருளைத் துண்டுகளை நீங்களே பெட்டியருகே உட்கார்ந்து பாருங்கள். 10 செ.மீ.க்குக் குறையாத துண்டுகளைக் கூட்டி ஆர்கியூடி (பாறையின் தரத்தைக் காட்டும் அளவு) சதவீதம் போடுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். உடைந்த முகத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். புத்தம்புதிதாகப் பளபளத்தால் துளையிடும்போது உடைந்திருக்கலாம். துருப்பழுப்பு ஏறியிருந்தால் அந்த விரிசலில் தண்ணீர் ஓடியிருக்கிறது. களிமண் படிந்திருந்தால் பாறை வழுக்கும். அப்புறம், செங்குத்துத் துளைகள் மட்டும் போட்டால் செங்குத்தான விரிசல்கள் கண்ணில் படாமலே போகும், சாய்வாகவும் துளையிடுங்கள்.

தண்ணீர் கொட்டத் தொடங்கியபின் அடைப்பது அடுத்த தவறு. முன்னதாகவே நீளத் துளை போட்டுப் பார்த்து, கசிந்தால் வெட்டும் முன்பே சிமெண்டுக் கலவை செலுத்த வேண்டும். சுரங்கத்துக்குள் வடியும் நீர் பக்கத்துப் பள்ளத்தின் கடல் களிமண்ணிலிருந்து வருவதாக இருந்தால், அந்தக் களிமண் அமுங்கி, மேலே உள்ள கட்டடம் இறங்கும்.

புகை வெளியேற்றத்தையும் தப்பிக்கும் வழிகளையும் கடைசிக்குத் தள்ளாதீர்கள். 1999இல் பிரான்ஸையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் பிளாங்க் சாலைச் சுரங்கத்தில் பற்றிய தீயில் 39 பேர் இறந்தார்கள். குறுக்குவெட்டை முடிவுசெய்யும்போதே இவற்றுக்கு இடம் ஒதுக்கிவிட வேண்டும்.

வெடி வைக்கும்போது ஓரத் துளைகளை நெருக்கமாகவும் குறைந்த மருந்தோடும் போடுங்கள். இல்லாவிட்டால் தேவைக்கு மேல் உடைந்து, மிச்சப் பாறையும் ஆட்டம் காணும். வெடித்தபின் காற்றை மாற்றி, தொங்கும் கற்களைத் தட்டி இறக்காமல் யாரையும் உள்ளே அனுப்பாதீர்கள். அந்தக் கூரைக்கடியில் நிற்பவர்களில் நம் ஊர்த் தம்பிகளும் உண்டு. பாறைமேல் பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்டான ஷாட்கிரீட் இறுகியபின் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ஒலி பொக்காகக் கேட்டால் பாறையோடு ஒட்டவில்லை. அந்த இடத்தைப் பெயர்த்துவிட்டு மறுபடி அடியுங்கள்.